தேதி போடாத கவர்

ஜனவரி 19, வியாழன்

மருந்துக் கம்பெனி டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வயிற்று மாத்திரை விளம்பரம். பன்னிரண்டு வருடமாக ஒப்பந்த விஞ்ஞானியாகவே இருப்பவனுக்குப் பொருத்தமான டைரிதான். ஒப்பந்தம் ஆகஸ்ட் 31-ல் முடிகிறது. இனி நீட்டிக்க விதியில் இடமில்லை. ஜூலையில் ஒரே ஒரு நிரந்தரப் பதவிக்கு நேர்காணல் இருக்கிறது. எனக்கு வயது நாற்பத்து மூன்று. அதைக் கோட்டைவிட்டால் கோயம்புத்தூரில் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பையன்களுக்கு அலகு மாற்றம் சொல்லித்தர வேண்டியதுதான்.

இன்று நூலகர் ஹெப்சிபா மேடம் வழிமறித்தார். திருநெல்வேலிக்காரர். எதையும் நேரே கேட்டுவிடுவார்.

“சார், ஐதராபாத்துல இருந்து ஒருத்தர் வந்து ஒரு கவரைக் குடுத்துட்டுப் போயிருக்காரு. உங்க குரூப்புல யாருக்கும் காட்டக் கூடாதாம். பீரோல வச்சுப் பூட்டிருக்கேன். வெடிகுண்டு ஒண்ணும் இல்லல்லா?”

சிரித்துக்கொண்டே விளக்கினேன். வானத்தில் நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் ஒரே இடத்தில் கொத்தாகக் கிடக்கின்றன. அந்தக் கொத்தைத் தராசில் வைக்க முடியாது. ஆனால் அதற்கும் பின்னால் வெகுதொலைவில் இருக்கும் கேலக்ஸிகளின் ஒளி, கொத்தைக் கடந்து வரும்போது அதன் ஈர்ப்பில் கொஞ்சம் வளைகிறது. அதனால் அவற்றின் உருவம் ஒரு நூலளவு நீண்டு தெரிகிறது. ஒன்றை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. அது பிறவியிலேயே கோணலாக இருக்கலாம். லட்சக்கணக்கில் சேர்த்துச் சராசரி எடுத்தால், எல்லாம் கொத்தைச் சுற்றி வளைந்தாற்போல ஒரே போக்கில் நீண்டிருப்பது தெரியும். எவ்வளவு நீட்சியோ, அவ்வளவு எடை. இருநூற்றுப் பன்னிரண்டு கொத்துகளை அப்படித்தான் நாங்கள் எடைபோடுகிறோம். அதற்கான மென்பொருளை வரிவரியாக எழுதியவன் நான்.

“அதுக்குக் கவர் எதுக்கு?”

விடை மனதுக்குப் பிடித்துவிட்டால் மனிதன் தப்பைத் தேடுவதை நிறுத்திவிடுவான். பிடிக்காவிட்டால் பிடிக்கும்வரை தேடிக்கொண்டே இருப்பான். அதனால் ஐதராபாத்துக்காரர் எங்கள் தரவை மூன்று பிரதிகளாக்கித் தருவார். ஒன்று அசல். மற்ற இரண்டிலும் நீட்சியைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ வைத்திருப்பார். எது அசல் என்பது கவருக்குள் மட்டும்தான் இருக்கும். எல்லா வேலையும் முடிந்து, இனி ஒரு எழுத்தும் மாற்றமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டபிறகுதான் பிரிக்க வேண்டும். பிரதிகளுக்கு இட்லி, வடை, பொங்கல் என்று பெயர் வைத்தது எங்கள் தலைவர் பேராசிரியர் சேஷகிரி. அவருக்கு எப்போதும் பசிதான்.

“அப்போ நீங்கல்லாம் உங்களையே நம்பலைன்னு சொல்லுங்க” என்றார் மேடம்.

“அதுதான் மேடம் விஞ்ஞானம்” என்றேன். வீட்டில் வந்து சண்முகவடிவிடம் சொன்னேன். தபால் அலுவலகத்தில் பதினைந்து வருடமாக இருப்பவள். “ஒரு கவர்ல போட்டு ஒட்டிட்டா ரகசியம் ஆயிடுமாக்கும்? எங்க ஆபீசுக்கு வந்து பாருங்க” என்றாள்.

பிப்ரவரி 9, வியாழன்

தரவில் ஒரு குளறுபடி. காற்று மண்டலத்தால் வரும் மங்கலைத் திருத்தியதில் ஒரு கோப்பு விட்டுப்போயிருக்கிறது. நல்லவேளை, எடையை இன்னும் கணக்கிடத் தொடங்கவில்லை. ஐதராபாத்துக்காரர் மூன்று பிரதிகளையும் புதிதாகச் செய்து, பெயர்களையும் குலுக்கிப் போட்டு அனுப்பிவிட்டார். பழைய இட்லி இப்போது இட்லியாக இருக்க வேண்டியதில்லை. மேடத்துக்கும் தகவல் சொல்லி, புதிய கவரும் அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தார்.

மதியம் மேடம் மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். “சார், அந்தக் கவர் விஷயமா ஒண்ணு கேக்கணும். பழசு...”

நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். “மேடம், கவரைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது. பழசானாலும் சரி, புதுசானாலும் சரி. அந்த விதியை எழுதினதே நான்.”

“இல்ல சார், அதை வந்து...”

“மேடம்.”

முகம் சுருங்கிப் போனது. பரவாயில்லை. இந்த நிறுவனத்தில் ஒருவனாவது விதியை விதியாக மதிக்க வேண்டும்.

பிப்ரவரி 27

தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. நாள் முழுக்க அதோடு போனது.

மார்ச் 14, செவ்வாய்

மூன்று பிரதிகளிலும் சராசரி எடை வந்துவிட்டது. நூறு லட்சம் கோடி சூரியன்களின் எடையை ஒன்று என்று வைத்துக்கொண்டால்: இட்லி 3.7. வடை 3.4. பொங்கல் 4.15.

கொத்துகளின் வெப்ப வாயுவை வைத்து எடைபோட்டவர்கள், வேறு வழிகளில் போட்டவர்கள் எல்லோரும் 4.1-க்கும் 4.2-க்கும் நடுவில்தான் சொல்கிறார்கள். அதாவது பொங்கல் அசல் என்றால் எங்கள் முறை தங்கம். இட்லியோ வடையோ என்றால், “ஏதோ தப்பு பண்ணியிருக்கிறார்கள்” என்று உலகம் முழுக்க நாசூக்காக மின்னஞ்சல் எழுதுவார்கள். நேர்காணலில் அந்த மின்னஞ்சல்கள் எனக்கு முன்பாகவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

சேஷகிரி காப்பியை ஆற்றிக்கொண்டே, “பொங்கலா இருந்தா நன்னாருக்கும், இல்லையா மாசி?” என்றார். மாசிலாமணி என்ற பெயரை முழுதாகச் சொல்ல அவருக்குப் பன்னிரண்டு வருடமாக நேரம் கிடைக்கவில்லை.

“அப்படி நினைக்கறதே தப்பு சார்” என்றேன்.

“நினைக்காம இருக்க முடியுமா?”

என்னால் முடியும் என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 30, வியாழன்

சேஷகிரி கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். நேர்காணலுக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவன் வருகிறானாம். முப்பத்தொரு வயது. “நம்ம பேப்பர் நல்லபடியா வந்துட்டா நான் கமிட்டில உனக்காகப் பேசறதுக்கு ஒரு பிடி கிடைக்கும்” என்றார். பாராட்டு என்றால் நம்ம பேப்பர். பிழை வந்தால் மட்டும் உன் மென்பொருள்.

சண்முகவடிவு மூன்றாம் முறையாகப் பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஏற்றுக்கொண்டால் தர்மபுரி போக வேண்டும். நான் இங்கே இருப்பேனா என்று தெரியாமல் அவள் எங்கே போவது? அவள் இதை ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஏப்ரல் 6, வியாழன்

நல்ல வெயில். நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பெரிய வியாழன் என்று ஹெப்சிபா மேடம் மதியமே சர்ச்சுக்குக் கிளம்பிவிட்டார். யாரும் இல்லை. பீரோ சாவி அவர் மேஜை இழுப்பறையில் பேனாத் தட்டுக்கு அடியில்தான் இருக்கும். இது இந்த நிறுவனத்தில் எல்லோருக்கும் தெரியும். பாதுகாப்பு என்றால் நமக்கு அவ்வளவுதான்.

அரைமணி நேரம் உட்கார்ந்து பழைய இதழ்களைப் புரட்டினேன். ஃபேன் சத்தம் தலைவலி கொடுத்தது. எதுவும் செய்யவில்லை. வந்துவிட்டேன்.

வீட்டில் சண்முகவடிவு தண்ணீர் டம்ளரை வாங்கும்போது, “உங்க விரல்ல என்ன கோந்து?” என்றாள். புத்தக அட்டை பிய்ந்திருந்தது, ஒட்டினேன் என்றேன்.

ஏப்ரல் 7, வெள்ளி

பொங்கல்.

சண்முகவடிவு காலையில் வெண்பொங்கல் செய்திருந்தாள். மிளகு தூக்கல். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று மாதத்தில் இப்படி ருசித்துச் சாப்பிட்டதில்லை.

ஏப்ரல் 25, செவ்வாய்

இந்த இரண்டு வாரமும் நிம்மதியாகத் தூங்கினேன். இன்று கெட்டது.

கார்குழலி வந்தாள். எங்கள் குழுவில் ஐந்தாம் வருட ஆய்வு மாணவி. பவானிக்காரி. அதிகம் பேசமாட்டாள். பேசினால் கையில் ஒரு வரைபடம் இருக்கும்.

“சார், ஒரு சந்தேகமுங்க. கொத்துல இருக்கற கேலக்ஸிகளே பின்னணி லிஸ்டுல கலந்துருதுங்களே, அதைக் கழிக்கறோம் இல்லீங்களா?”

பழைய பிரச்சினை. கொத்திலேயே இருக்கும் கேலக்ஸியின் ஒளியைக் கொத்து வளைக்காது. தொலைவைத் தப்பாக மதிப்பிட்டு அதையும் பின்னணியில் இருப்பதாகச் சேர்த்துக்கொண்டால் பாலில் தண்ணீர் கலந்ததுபோல நீட்சி குறைந்துவிடும். எடையும் குறையும். கொத்தின் நடுவில் எண்ணிக்கை எவ்வளவு கூடுகிறது என்று பார்த்து, அவ்வளவும் கலப்பு என்று திருத்துவோம். ஏழு வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய பகுதி அது.

“ஆனா சார், நடுவுல பெரிய பெரிய கேலக்ஸிகள் எடத்தை அடைச்சுட்டு நிக்குதுங்களே. அதுக்குப் பின்னால இருக்கறது நம்ம கண்ணுக்கே வராது. அப்ப நாம எண்ணறது கம்மியாத்தானே இருக்கும்? நாம நெனைக்கறதை விடத் தண்ணி அதிகமா கலந்திருக்குங்க சார்.”

வரைபடத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

“எவ்வளவு வரும்?”

“எடை பன்னெண்டு பர்சென்ட் ஏறும் சார். மூணு பிரதிலயும்.”

மூன்றிலும் ஏறும். ஆனால் பொங்கல் 4.15-லிருந்து 4.65-க்குப் போகும். கையில் இருப்பதைக் கெடுத்துக்கொள்வதற்கு ஒரு வழி. கோப்பைக் கொடுத்துவிட்டுப் போ, பார்க்கிறேன் என்றேன்.

மே 3, புதன்

குழுக் கூட்டம். கார்குழலியின் திருத்தத்தைச் சேர்ப்பதா என்று விவாதம். நான் நன்றாகப் பேசினேன். இத்தனை பின்னால் வந்து ஒரு புதிய திருத்தத்தைச் செருகக் கூடாது, அது சோதிக்கப்படாதது, பெரிய கேலக்ஸிகள் அடைக்கும் பரப்பை அவள் மிகைப்படுத்துகிறாள் என்று வரிசையாகச் சொன்னேன். பன்னிரண்டு வருட அனுபவத்தில் எது உண்மையோ அதை எப்படிக் குழப்புவது என்பதும் சேர்ந்தேதான் வந்துவிடுகிறது.

“உன் திருத்தத்தைப் போட்டா 4.65 வரும்மா. உலகத்துல யாரும் அப்படி ஒரு எடையைப் பார்த்ததில்ல” என்றேன்.

கார்குழலி நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். “4.65 பொங்கலுக்குத்தானுங்க சார்? இட்லிக்கு 4.14 வரும், வடைக்கு 3.8. எது அசல்னு தெரியாதுங்களே. பொங்கலை மட்டும் ஏன் சொல்றீங்க?”

சேஷகிரி பிஸ்கட் தட்டில் மும்முரமாக இருந்தார்.

“ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன்” என்றேன்.

அவள் ஏதோ குறித்துக்கொண்டாள். சேஷகிரி, “மாசி இந்த மென்பொருளைப் பெத்தவன். அவன் சொன்னா சரிதான்” என்று முடித்தார். வென்றுவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் காந்திபுரத்தில் இறங்க வேண்டியவன் உக்கடம் வரை போய்விட்டேன்.

மே 6, சனி

ஆளில்லாத நாளாகப் பார்த்து, செயற்கையாக உருவாக்கிய வானப் படங்களில் அவள் முறையை ஓட்டிப் பார்த்தேன். அதில் எடை நமக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால் ஏமாற்ற முடியாது. பதினொன்று புள்ளி எட்டு சதவீதம் வந்தது.

செயற்கைப் படம் செயற்கைப் படம்தான். நிஜ வானம் வேறு. முடிவு தெளிவாக இல்லை என்று கோப்பில் எழுதி மூடினேன். வரும்போது கால் கிலோ கத்திரிக்காய் வாங்கினேன். பாதி சொத்தை.

மே 19, வெள்ளி

இன்றோடு எல்லாம் உறைந்தது. இனி ஒரு புள்ளியையும் மாற்றமாட்டோம் என்று ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். கவரைப் பிரித்தபின் எந்த எண் வந்தாலும் அதையே பிரசுரிப்போம் என்றும் அதில் ஒரு வரி உண்டு. அந்த வரியும் என்னுடையதே.

கார்குழலி பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். “சார், என் திருத்தத்தைச் சேர்க்கலைன்னு ஒரு அடிக்குறிப்பு மட்டும் எழுதிக்கட்டுங்களா? தேதி போட்டு?”

பெருந்தன்மையாகச் சரி என்றேன். ஐந்தாறு வரி எழுதினாள். கையெழுத்து மணிமணியாக இருந்தது. எனக்குப் பெருந்தன்மை காட்டும் வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை, அதனால் அந்த நேரத்தை நான் அனுபவித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 7, புதன்

நாளை கவர் பிரிக்கிறோம். சண்முகவடிவு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். “பயமா இருக்கா?” என்றாள். இல்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். முகத்தில் ஆச்சரியம் காட்டுவது எப்படி என்று கண்ணாடி முன்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 8, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிட முயல்கிறேன்.

கருத்தரங்க அறையில் எல்லோரும் இருந்தார்கள். இனிப்பு, காரம், காப்பி. ஹெப்சிபா மேடம் பட்டுச் சேலையில் வந்தார். தோளில் கைப்பை. பீரோவைத் திறந்துவிட்டு வருகிறார் என்று நினைத்தேன். அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து சேஷகிரியிடம் நீட்டினார்.

பழுப்புக் கவர்.

நான் பார்த்தது வெள்ளை. இதை இங்கே எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

கவரின் மேல் மேடத்தின் கையெழுத்தில் ‘பிப்ரவரி 13’ என்று இருந்தது. வெள்ளைக் கவரில் திட்டத்தின் பெயர் மட்டும்தான், தேதி கிடையாது. சேஷகிரி கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி, மடித்த தாளைப் பிரித்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

“இட்லி.”

யாரோ பழக்கதோஷத்தில் கைதட்டத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். 3.7. உலகத்தோடு ஒத்துப்போகாத எண். ஆச்சரியம் காட்டுவதற்காக நான் எந்தச் சிரமமும் பட வேண்டியிருக்கவில்லை.

கார்குழலி கைபேசியில் பெருக்கிப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, ஏனென்றால் மே 3-ல் அவளே வாய்விட்டுச் சொன்னாள். இட்லிக்கு 4.14. அவள் திருத்தத்தைச் சேர்த்திருந்தால் இன்று இந்த அறையில் குதித்திருப்பார்கள்.

சேஷகிரி மைசூர்பாகை எடுத்து, கடிக்காமல் தட்டிலேயே வைத்தார். அவர் இனிப்பைத் திருப்பி வைத்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 9

திறந்தபின் ஒரு புள்ளியையும் மாற்றக் கூடாது. அதை எழுதியவன் நான்.

ஜூன் 12, திங்கள்

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். வெள்ளைக் கவர் ஜனவரியில் வந்தது. பிப்ரவரியில் பெயர்களைக் குலுக்கியதும் அது செத்துப்போனது. புதிய கவர் மேடத்தின் கைப்பைக்குள் இருந்திருக்கிறது. பழையதை என்ன செய்வதென்று கேட்கத்தான் அன்று மாடிப்படியில் வந்திருக்கிறார். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். அந்தக் கையைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எதையும் பார்க்காமல் இருந்திருந்தால், ஏப்ரல் 25 அன்று அவள் காட்டிய வரைபடத்தைப் பார்த்த ஒரே நிமிடத்தில் “சரிம்மா, சேர்த்துடு” என்று சொல்லியிருப்பேன். அது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். திருடியதும் தப்பான பொருள், அதைக் காப்பாற்ற நான் தூக்கி எறிந்ததுதான் அசல். என்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தக்கூட எனக்கு வாயில்லை.

ஜூன் 26, திங்கள்

கட்டுரை போய்விட்டது. 3.7, முதல் பெயர் என்னுடையது. கார்குழலியின் அடிக்குறிப்பு அப்படியே இருக்கிறது. அதை விரித்து அவள் தனிக் கட்டுரையாக எழுதுகிறாள். ஒரே பெயர், அவள் பெயர்தான். இனி யார் எங்கள் எடையை எடுத்துக் காட்டினாலும் பக்கத்திலேயே அவள் திருத்தத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். என் கட்டுரை அவள் கட்டுரைக்கு ஒரு நீண்ட முன்னுரை.

ஜூலை 12, புதன்

நேர்காணல். ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு நிபுணர், “உங்க முடிவு மத்தவங்களோட ஒத்துப்போகலையே, எப்படித் தூங்கறீங்க?” என்று சிரித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சேஷகிரி பேசினார். “அதைத்தான் நான் சொல்ல வந்தேன். எதிரே உக்காந்திருக்காரே, இவர் நினைச்சிருந்தா கவரைப் பிரிச்சப்புறம் அந்தப் பொண்ணோட திருத்தத்தைச் சேர்த்து 4.14-ன்னு போட்டுண்டிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. சேர்க்கலை. தனக்குப் பாதகமா வந்த எண்ணை அப்படியே பிரசுரம் பண்ணினார். இந்த மாதிரி மனுஷா இப்ப எங்க இருக்கா?”

பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக என்னை ‘இவர்’ என்றார். நிபுணர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். நான் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜூலை 28, வெள்ளி

கிடைத்துவிட்டது.

சண்முகவடிவு கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வந்து, “ஏங்க இப்படி இருக்கீங்க? யாராவது செத்தா மாதிரி” என்றாள். களைப்பு என்றேன்.

சேஷகிரி தொலைபேசியில் சொன்னார்: கமிட்டி அந்த வெளிநாட்டுப் பையனைத்தான் முதலில் நினைத்ததாம். கடைசியில் நேர்மைக்காக எனக்கு.

ஆகஸ்ட் 2, புதன்

கார்குழலி ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள். அக்டோபரில் ஜெர்மனி போகிறாள். சொல்லிக்கொள்ள வந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள்.

“வாழ்த்துங்க சார்.”

“உன் கட்டுரை நல்லா வந்திருக்கு” என்றேன். “நான்தான் அன்னைக்குச் சரியா பாக்கல.”

“பாத்தீங்க சார்.” குரலை உயர்த்தவில்லை. “மே ஆறாந்தேதி நீங்க ஓட்டின ஃபைல் சர்வர்லதான் இருக்குங்க. பதினொன்னு புள்ளி எட்டு. என் கட்டுரைக்கு அதே படத்தை எடுக்கப் போனப்பத்தான் பாத்தேன்.”

மேஜை மேலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினேன்.

“தெரிஞ்சும் ஏன் வேண்டாம்னீங்கன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேனுங்க. என் மேல கோவமோன்னு நெனச்சேன். அப்புறம் என் நோட்டுல 4.65-ன்னு எழுதி வச்சிருந்ததைப் பாத்தேன்.” துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். “நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. வர்றேன் சார்.”

அவள் போனபிறகு அந்தக் கோப்பை அழிக்கலாம் என்று சர்வரைத் திறந்தேன். அழிக்கவில்லை. அழித்த நேரமும் அதில் பதிவாகும்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

திங்கட்கிழமை நிரந்தரப் பணியில் சேர வேண்டும். புதிய அறைக்குப் புத்தகங்களை மாற்றிக்கொண்டிருந்தபோது ஹெப்சிபா மேடம் வந்தார். கையில் வெள்ளைக் கவர்.

“பீரோவைச் சுத்தம் பண்ணேன் சார். இந்தப் பழசு உள்ளேயே கெடக்கு. இதை என்ன பண்ணட்டும்னு அன்னைக்கே கேக்க வந்தேன். கவரைப் பத்திப் பேசாதீங்கன்னுட்டீங்க.”

“கிழிச்சுப் போட்டுடுங்க மேடம்.”

அவர் கவரைத் திருப்பி ஒட்டிய பக்கத்தை எனக்குக் காட்டினார்.

“ஜனவரில அவரு ஒட்டாமத்தான் நீட்டுனாரு சார். நான்தான் ஒட்டுனேன். நம்ம புக்குக்குப் போடுற மைதாப் பசை. பூச்சி அரிக்கக் கூடாதுன்னு மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவேன், காஞ்சா லேசா நீலம் தெரியும். இந்தா, கீழ தெரியுது பாருங்க.” விரலால் தடவினார். “மேல இருக்கது கோந்து. நான் கோந்து தொடுறதே இல்ல. எலி வரும்.”

நான் அவர் விரலையே பார்த்தேன்.

“எனக்கு உங்க கணக்கெல்லாம் தெரியாது” என்றார். “ஆனா அன்னைக்கு நீங்க கையைத் தூக்கி என்னை நிறுத்தினீங்கல்லா, வீட்டுல போய்ச் சொன்னேன் சார். இப்பவும் இப்படி ஒரு மனுஷன் இருக்காருன்னு.” கவரை என் மேஜை மேல் வைத்தார். “நீங்களே கிழிச்சிருங்க.”

கிழிக்கவில்லை. பேனாவை எடுத்து அதன் மேல் தேதி எழுதினேன். ஏப்ரல் 6. கீழே என் பெயரை முழுதாக எழுதினேன். எடுத்துக்கொண்டு சேஷகிரியின் அறைக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் நிமிர்ந்து, “வாங்கோ மாசிலாமணி” என்றார். பெயரை முழுதாக. எதிர் நாற்காலியைக் காட்டினார்.

“ஒண்ணுமில்ல சார், வணக்கம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றேன்.

கவர் இப்போது இந்த டைரியில் ஏப்ரல் 6-ம் பக்கத்தில் இருக்கிறது. வைக்கும்போது அன்றைக்கு எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ‘எதுவும் செய்யவில்லை. வந்துவிட்டேன்.’ அந்த வரியை அடித்துவிடவில்லை. இன்றைக்கும் அதே வரி பொருந்துகிறது.